கேட்டால் பதில் வந்த வருடம்

சியோல், யோயிதோ
1988 மே 2

அன்புள்ள தங்கை குமோக்குக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்ததும் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறாயா, சூடாக ஏதாவது வைத்துக் குடிக்கிறாயா? இங்கே நானும் உன் அத்தானும் நலம். சாப்பாட்டுக் கடையும் ஓடுகிறது.

போன வாரம் தேர்தல் முடிந்தது. ஜெர்மன் பத்திரிகையிலும் வந்திருக்கும். ஜனாதிபதி ஆளுங்கட்சிக்காரர்தான், ஆனால் தேசிய சபையில் அவர்களுக்குப் பாதி இடம்கூடக் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சிகள் மூன்றும் சேர்ந்து கையைத் தூக்கினால் ஜனாதிபதி கேட்பது எதுவும் நடக்காது. அத்தான் கார் ஓட்டுகிறாரே, அந்த ஆளுங்கட்சி உறுப்பினர் மா ஜெயித்துவிட்டார். ஆனாலும் அத்தான் முகத்தில் இழவு வீட்டுக் களை.

"ஜெயிச்சு என்ன பிரயோஜனம்? இனிமே ஒரு சட்டம் போடணும்னா எதிர்க்கட்சிக்காரன் வாசல்ல போய் நிக்கணும்" என்றார்.

"நின்னா கால் தேஞ்சா போயிடும்?" என்றேன்.

கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கட்சிப் பற்று உனக்குத் தெரியாததா.

உன் முழங்கால் வலி எப்படி? இன்னும் நீண்ட பயணம் கூடாது என்றுதான் சொல்கிறார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா
தொக்சுன்


எசன், மேற்கு ஜெர்மனி
1988 ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பது அறிந்து நிம்மதி.

முழங்காலைக் கேட்டிருக்கிறாய். அக்கா, இந்தப் பொய் வலியை வருடக்கணக்காக எழுதி எழுதி, படி ஏறும்போது எனக்கே நொண்டத் தோன்றுகிறது. இனிமேல் நேராக எழுதுகிறேன். நடுவில் பிரித்துப் படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும். எனக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட்தான் இல்லை.

1980 மே மாதம், குவாங்ஜுவில் நம் ராணுவமே நம் ஜனங்களைச் சுட்டதை இங்கே டிவியில் காட்டினார்கள். அன்று இங்கிருந்த நம் நர்சுகளும் சுரங்கத் தொழிலாளர்களும் தெருவில் கூடினோம். நானும் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ போட்டோ எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனபோதெல்லாம் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில். அம்மா இறந்தபோதும் அதே பதில். அம்மாவைப் புதைக்கிற நேரத்தில் நான் யாரோ ஒரு ஜெர்மன் கிழவிக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரியும். எழுதினால் ஆறும் என்று எழுதுகிறேன்.

அத்தான் என்னைச் சிவப்பி, கம்யூனிஸ்ட்காரி என்று சொன்னதற்கு எனக்கு இப்போது கோபமில்லை. ஆனால் என் விஷயமாக நீ யாரிடமும் போய் நிற்காதே. அவர் வேலைக்கு ஆபத்து.

அன்புடன்
குமோக்


சியோல்
1988 செப்டம்பர் 29

அன்புள்ள குமோக்குக்கு,

நலமா? அறுவடைப் பண்டிகைக்கு அங்கே அரிசி மாவு கிடைத்ததா, கொழுக்கட்டை பிடித்தாயா? இங்கே ஊர் முழுக்க ஒலிம்பிக் பேச்சு. பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்காதே. கடையில் அப்படி ஒரு கூட்டம்.

நம் கடையின் பின்னறை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு தடுத்தது. முன்பெல்லாம் அங்கே வெங்காய மூட்டைதான் கிடக்கும். இப்போது மதியம் ஆனால் எதிரே சபையிலிருந்து நான்கு கட்சி உறுப்பினர்களும் அங்கேதான். தனியாக யாராலும் எதையும் நிறைவேற்ற முடியாதே, வேறு வழி? காலையில் சபையில் ஒருவரை ஒருவர் கிழிக்கிறார்கள். மதியம் ஒரே மேஜையில் கருவாட்டு சூப் குடித்துக்கொண்டு பேரம். மா உறுப்பினருக்கு எதிரே உட்காருகிறவர் ஹோங் உறுப்பினர், எதிர்க்கட்சிக்காரர், ஒல்லியானவர், காரம் அதிகம் கேட்பார். இருவரும் வெளியுறவுக் குழுவில் இருக்கிறார்கள்.

"ஹோங் ஐயா, அந்த பட்ஜெட்டுக்குக் கையைத் தூக்கிடுங்களேன். இன்னைக்கு சூப்பு என் கணக்கு" என்கிறார் மா.

"தூக்கிடலாம். அதுக்கு முன்னாடி நாங்க கேக்கற கேள்விக்கு உங்க அதிகாரிங்க வாயைத் தூக்கட்டும்" என்கிறார் ஹோங்.

பின்னறையே சிரிக்கிறது. எனக்கும் உள்ளே கிம்சி ஊறுகாய் கொண்டுபோகும்போது சிரிப்பு வந்துவிட்டது.

அத்தானுக்கு மட்டும் சிரிப்பே இல்லை. ஜூலையில் ஜனாதிபதி அனுப்பிய தலைமை நீதிபதி பெயரைச் சபை வேண்டாம் என்று திருப்பியது. அதிலிருந்து "நாடு நின்னுபோச்சு" என்கிறார். எங்கே நின்றது? அரிசிக்காரன் வழக்கம்போல் வந்து மூட்டையை இறக்குகிறான். ஆனால் அவர் கஷ்டமும் புரிகிறது. குழுக் கூட்டம் முடிய நேரமாவதால் காருக்குள்ளேயே தூங்கிக் கழுத்து பிடித்துக்கொண்டது.

நேற்று சமையற்கட்டுக்கு வந்து, "உன் தங்கச்சி இருக்கற ஊர் பேரைச் சரியாச் சொல்லு" என்றார்.

"இத்தனை வருஷமா கேக்காத ஆளு, இப்ப எதுக்கு?"

"சும்மாதான்."

சொன்னேன். வாய்க்குள் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

குளிருக்கு முன் கம்பளிச் சட்டை வாங்கிக்கொள்.
அக்கா


எசன்
1988 நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலமா? நான் நலம்.

முந்தாநாள் நம் தூதரகத்துப் பாஸ்போர்ட் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வழக்கமாக என் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற அதே ஆள். "போட்டோ ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்கம்மா, உங்களுக்கு எந்தக் கிழமை சௌகரியம்?" என்றார். எனக்கு எது சௌகரியம் என்று அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை. பயத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

அக்கா, நீ என்ன செய்தாய்? உண்மையை எழுது.

குமோக்


சியோல்
1988 நவம்பர் 25

அன்புத் தங்கைக்கு,

பயப்படாமல் போ. போட்டோவுக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ.

நான் ஒன்றும் செய்யவில்லை, இது சத்தியம். நடந்ததை ஹோங் உறுப்பினரின் உதவியாளர் யாங் வந்து சொன்னார். போன மாதம் சபை அரசாங்க அலுவலகங்களையெல்லாம் கூப்பிட்டு விசாரித்தது. பதினாறு வருடமாக இல்லாமல் இருந்த அதிகாரம், இப்போதுதான் சபைக்குத் திரும்பக் கிடைத்தது. அதில் ஹோங், வெளிநாட்டில் பாஸ்போர்ட் மறுக்கப்பட்ட நம் ஜனங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். உன் பெயரையும் ஊரையும் சொல்லி, "இந்த நர்ஸ் என்ன குத்தம் பண்ணாங்க?" என்று கேட்டாராம்.

அதிகாரி எழுந்து, "பரிசீலனையில இருக்குங்க ஐயா" என்றாராம்.

"எட்டு வருஷமாவா? சரி. உங்க பட்ஜெட்டும் பரிசீலனையில இருக்கட்டும்."

மறுநாளே எல்லாம் கடகடவென்று நடந்திருக்கிறது. யாங் இதைச் சொல்லும்போது நான் கையில் வைத்திருந்த சூப்புக் கிண்ணத்தை மேஜையில் வைக்க மறந்து நின்றுகொண்டே இருந்தேன். சாப்பிட வந்தவர் "அம்மா, அது எனக்கா, உங்களுக்கா?" என்றார்.

உன் பெயர் ஹோங்குக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். எப்படியோ தெரிந்திருக்கிறது.

மற்றபடி இங்கே கிம்சி போடுகிற பருவம். அத்தானுக்கு இடுப்பு வலி, அதனால் கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். சமையற்கட்டில் எனக்கு ஒத்தாசையாக முள்ளங்கி நறுக்குகிறார். கட்டைக் கட்டையாக நறுக்குகிறார், சொன்னால் கேட்பதில்லை. குவாங்ஜு விசாரணையைச் சபையிலிருந்து நேராக டிவியில் காட்டுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு அதையே பார்க்கிறார்.

அக்கா


எசன்
1988 டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்போர்ட் வந்துவிட்டது. தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். இந்தத் தரம் முகத்தை நிமிர்த்தி எடுத்த போட்டோ. யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. முகம் தெரியாத ஹோங் உறுப்பினருக்கும், அவருக்கு ஓட்டுப் போட்ட முகம் தெரியாத ஜனங்களுக்கும் இங்கிருந்தே தலைகுனிந்து வணங்கினேன்.

அத்தான் இடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுது. வலி காலுக்கு இறங்குகிறதா? விரல் மரத்துப்போகிறதா? இருமினால் சுரீர் என்கிறதா? நான் இத்தனை வருடம் எலும்பு வார்டில் இருக்கிறேன். காரில் உட்கார முடியாத அளவுக்கு இடுப்பு வலிக்கிற மனிதர் நாள் முழுக்க நின்று முள்ளங்கி நறுக்கி நான் பார்த்ததில்லை.

ஒரு தைலம் அனுப்புகிறேன். சந்திரப் புத்தாண்டுக்கு அங்கே இருப்பேன்.

குமோக்


சியோல்
1989 ஜனவரி 12

அன்புள்ள குமோக்குக்கு,

நலம். நீ வருகிற செய்தியிலிருந்து தரையில் கால் பாவவில்லை. இந்த வருடம் புத்தாண்டுக்கு மூன்று நாள் விடுமுறை கொடுத்திருக்கிறார்கள், யேசானில் அம்மா சமாதிக்குப் போய்வர நேரம் இருக்கும். சாமான் ஒன்றும் சுமந்துகொண்டு வராதே.

அத்தான் இடுப்பு தேவலை. வந்த இடத்தில் அதைப் பற்றி அவரிடம் கேட்காதே.

அக்கா


எசன்
1989 மார்ச் 5

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

தங்கள் உடல்நலம் நன்றாக இருக்க வேண்டும். நான் சுகமாக வந்து சேர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

இதுவரை உங்களுக்கென்று நான் கடிதம் எழுதியதில்லை. நேரில் சொல்ல வந்ததைச் சொல்ல விடாமல் செய்தது நீங்கள். அதனால் எழுதுகிறேன்.

கிம்போ விமான நிலையத்தில் நீங்கள் டாக்ஸியோடு நின்றீர்கள். யாரோ நண்பருடைய வண்டி என்று நினைத்தேன். அப்புறம்தான் கண்ணாடிக்குக் கீழே டிரைவர் அட்டையில் உங்கள் போட்டோவைப் பார்த்தேன். "அத்தான், எப்பலேருந்து டாக்ஸி?" என்றேன். "குளிரா இருக்கு, ஜன்னலை ஏத்திக்கோ" என்றீர்கள். மேலே ஒரு வார்த்தை பேசியிருப்பேன், ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டீர்கள்.

யேசானில் நான் அம்மாவின் சமாதிப் புல்லில் விழுந்து அழுதபோது நீங்கள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பனியை இங்கிருந்து அங்கேயும் அங்கிருந்து இங்கேயும் தள்ளிக்கொண்டிருந்தீர்கள்.

நான் திரும்புகிற அன்று யாங் கடைக்கு வந்திருந்தார். "உங்க அத்தான்தாம்மா உங்க பேரைச் சொன்னார்" என்றார். செப்டம்பர் மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு யாங் வாசலில் குனிந்து ஷூ மாட்டும்போது, நீங்கள் பக்கத்தில் குனிந்து உங்கள் ஷூவைக் கட்டுகிற மாதிரி உட்கார்ந்து, "எசன்னு ஒரு ஊரு. குமோக்குன்னு ஒரு நர்ஸ். என் மச்சினி. யார் சொன்னாங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்றீர்களாம். விசாரணையில் பெயர் வந்த அன்று மாலையே அது உங்கள் வேலை என்று மா உறுப்பினருக்குப் புரிந்துவிட்டதாம். கார் சாவியை வாங்கிக்கொண்டாராம்.

இடுப்பு வலி என்று அக்கா எழுதினாள். அவளைக் குறை சொல்லவில்லை.

அத்தான், உங்கள் கட்சி உங்களுக்கு எப்படி என்று எனக்குத் தெரியும். எனக்காக அதை விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள். அம்மாவின் சமாதிப் புல்லைத் தொட்ட இந்தக் கையால் உங்களுக்கு நன்றி எழுதுகிறேன். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எழுதினால் சந்தோஷப்படுவேன்.

மச்சினி
குமோக்


எசன்
1989 டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இங்கே ஜெர்மனியில் ஒரே கொண்டாட்டம். பெர்லின் சுவர் திறந்த அன்று வார்டில் எழுந்து உட்காரவே முடியாத நோயாளிகள்கூட உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். நான் கழிவறையில் போய், இன்னும் இரண்டாகக் கிடக்கிற நம் நாட்டை நினைத்து அழுதுவிட்டு வந்தேன்.

போன தரமும் கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. அத்தான் என் கடிதத்தைப் படித்தாரா? நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா?

குமோக்


சியோல்
1990 பிப்ரவரி 16

அன்புள்ள குமோக்குக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

அத்தான் உன் கடிதத்தைப் படித்தார். டாக்ஸியில் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். துவைக்கப் போடும்போது நான்தான் எடுத்து வைக்கிறேன், மறுநாள் மறுபடி பைக்குள் போய்விடுகிறது. இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இங்கே நடந்த கூத்தைக் கேள். போன மாதம் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. காலையில் டிவியைப் போட்டால் தலைவர்கள் ஜனாதிபதிக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிறார்கள். ஹோங்கின் கட்சியும் அதில் ஒன்று. இப்போது ஜனாதிபதியும் அவர்களுடையவர், சபையும் அவர்களுடையது. மிஞ்சியிருக்கிற ஒரே எதிர்க்கட்சி கத்தலாம், தடுக்க முடியாது. பின்னறையில் ஆள் இல்லை. யாருக்கும் யாருடைய கையும் வேண்டாமே, எதற்குச் சேர்ந்து சாப்பிட வேண்டும்?

நேற்று மதியம் மா உறுப்பினரும் ஹோங் உறுப்பினரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். அத்தான் சாப்பிட வந்திருந்த நேரம்.

மா அவர் தோளில் கை போட்டு, "பியோங்தே, பழசையெல்லாம் மறந்துடு. இப்ப நாங்க எல்லாரும் ஒரே வீடு. திங்கக்கிழமை வந்து சாவியை வாங்கிக்க" என்றார்.

"ஐயா, இன்னைக்குக் குழுக் கூட்டம் எவ்வளவு நேரம் நடந்துச்சு?"

"கூட்டமா? போனோம், கையைத் தூக்கினோம், வந்துட்டோம்."

"அப்ப டிரைவர் காத்திருக்கற வேலையே இல்லீங்களே. நான் டாக்ஸியிலேயே இருந்துக்கறேன்."

மா சிரித்து மழுப்பினார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஹோங்கிடம், "ஐயா, இனிமே வெளிநாட்டுல மாட்டிக்கிட்ட ஒரு பொண்ணைப் பத்திக் கேக்கணும்னா யார்கிட்ட சொல்றது?" என்றேன்.

"மந்திரிகிட்டயே நேரா சொல்லிடலாம்மா. இப்ப நம்ம ஆளுதானே."

"சொல்லலாம். அவர் கேக்கலன்னா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிம்சி வேண்டும் என்றார்.

எனக்குக் கோபம்தான். ஆனாலும் அன்று அவர் கேட்ட கேள்வியால்தானே நீ அம்மாவிடம் வந்தாய்? அதை யாரும் அழிக்க முடியாது. அவர் கிண்ணத்தில் ஒரு துண்டு மீன் கூடுதலாகப் போட்டேன். மா கிண்ணத்தில் போடவில்லை.

அக்கா


சியோல்
1990 மார்ச் 20

மச்சினி குமோக்குக்கு,

நலம். நலமா என்று கேட்கிறேன்.

எனக்குக் கடிதம் எழுத வராது. சபைக்கு எதிரே டாக்ஸி நிறுத்தத்தில் வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நீ பக்கம் பக்கமாக நன்றி எழுதியிருக்கிறாய். அதில் எனக்குச் சேர வேண்டியது கொஞ்சம்தான். நான் வீரன் இல்லை. அந்தத் தேர்தலுக்கு முந்தைய வருடமாக இருந்தால் உன் பெயரை என் வாயால் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தால் உன் பெயருக்குக் கீழே உன் அக்கா பெயரையும் என் பெயரையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்த வருடம் மட்டும் காரில் போகும்போது மா உறுப்பினர் தினமும் புலம்புவார்: "இந்த அதிகாரிங்க எனக்குப் பயப்படறதில்லைடா, ஹோங்குக்குத்தான் பயப்படறாங்க." முன் ஸீட்டில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டே வருவேன். நாடு கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள், இப்போது கேட்டால் பதில் வரும்போல இருக்கிறதே என்று தோன்றியது. அவ்வளவுதான். நான் அந்தத் தேர்தலில் ஆளுங்கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன். நான் ஓட்டுப் போட்ட கட்சி முழுசாக ஜெயித்திருந்தால் நீ வந்திருக்க முடியாது. இதை யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த நேரம் திரும்பி வருமோ வராதோ. கிடைத்தபோது உனக்கு உபயோகமாக இருந்தது, அதற்கு எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் என் நன்றி. என் சாவியை வாங்கிக்கொண்டவருக்கும் சேர்த்துத்தான். டாக்ஸியில் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போக முடிகிறது.

இன்னொன்று. முள்ளங்கி நறுக்கிக்கொண்டு குவாங்ஜு விசாரணையை டிவியில் பார்த்தேன். ஒரு அம்மாள் தன் மகனை எந்தச் சட்டையை வைத்து அடையாளம் கண்டாள் என்று சொன்னாள். நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த மே மாதம் நான் இதே ஊரில் இருந்தேன். ரேடியோவில் சொன்னதை நம்பினேன், வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன். கடலுக்கு அப்பால் இருந்த நீ அந்த அம்மாளுக்காகத் தெருவில் நின்றிருக்கிறாய். நான் உன்னைத் திட்டினேன்.

அன்று நீ அங்கே போய் நின்றதற்கு நன்றி.

இந்த ஒரு வரியை எழுதத்தான் ஒரு வருடம் ஆயிற்று. உன் கடிதம் கிடைத்த அன்றே எழுத உட்கார்ந்தேன்.

உன் அத்தான்
பியோங்தே